வால் தொட்டியில் அறுபது கேலன்

சொட்டு அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எரிபொருள் லாரியின் குழாயை விமானத்திலிருந்து எடுக்கும்போது தரையில் ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் போதும், குழாய் பிடித்தவளை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். போர்க்காலம்; அந்த ஒரு சொட்டைக் கொண்டுவர எத்தனை பேர் கடலில் போனார்களோ என்பது அவள் கட்சி. அவளுக்குக் கீழே வேலை பார்த்த நாலு பெண்களும் முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். அப்புறம் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கடைசியில் அலுவலகத்து வேலைப் பட்டியலிலேயே எவனோ ஒரு புண்ணியவான் "சொட்டு அக்கா" என்று எழுதிவிட்டான். போனால் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சண்டை விமானங்களைச் சோதித்துப் பார்க்கிற மைதானம் அது. நீளமாக ஓர் ஓடுபாதை, தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகை, மழை வந்தால் ஒழுகுகிற ஓர் அலுவலகம், அவ்வளவுதான். எந்த விமானம் கிளம்புவதாக இருந்தாலும், எந்தத் தொட்டியில் எத்தனை கேலன் எரிபொருள் போட்டது என்று ஒரு மஞ்சள் தாளில் எழுதிச் சொட்டு அக்கா கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் விமானி இன்ஜினைத் தொடக்கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ அரைத் தொட்டியோடு ஒருவனை வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அவன் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் மைதானத்துத் தளபதியே போட்ட சட்டம் அது.

அந்த வருடம் அங்கே இரண்டு விமானங்களுக்கு நடுவில் பெரிய போட்டி. ஒன்று நம்முடையது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தொழிற்சாலையில் செய்தது. சின்ன உடம்பு, அகல இறக்கை, நினைத்த இடத்தில் திரும்பும். எல்லாருக்கும் அது "சிட்டு". இன்னொன்று நேச நாட்டுக்காரர்கள் கப்பலில் பெட்டி பெட்டியாக அனுப்பி, இங்கே பூட்டி முடித்தது. மூக்கும் நீளம், உடம்பும் நீளம், அதனால் அதற்கு "நெட்டை" என்று பேர் வைத்தார்கள். நேச நாடு என்று சொல்லிக்கொள்வதுதான். இரண்டு தரப்பும் எதிரியைத் திட்டியதைவிட, உன் விமானம் ஒசத்தியா என் விமானம் ஒசத்தியா என்று வாய்ச்சண்டை போட்டதுதான் அதிகம்.

சிட்டுவின் இறக்கைத் தகட்டுக்கு ரிவெட் ஆணி அடிக்கிறவர்களில் ஒருவர் சொட்டு அக்காவின் வீட்டுக்காரர். அவர்கள் குடியிருந்த தெருவே தொழிற்சாலைத் தெரு. ஒரு வீட்டில் இன்ஜின் பூட்டுகிறவர், அடுத்த வீட்டில் சக்கரம் மாட்டுகிறவர், எதிர்வீட்டில் பெயிண்ட் அடிக்கிற அம்மா. சிட்டுவை யாராவது குறை சொன்னால் தெருவில் பாதிப் பேர் முறைப்பார்கள், மீதிப் பேர் கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார்கள். சொட்டு அக்காவும் அந்த மீதிப் பேரில் சேர்த்திதான்.

ஆனால் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ஏழு பேர் போகிற பெரிய குண்டு விமானத்தில், வால் முனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மடங்கி உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிறவன். எதிரி நாட்டுக்குள் வெகுதூரம் போய்விட்டு வர வேண்டும். துணைக்குச் சிட்டுகள் போகும். பாதி வழியில் எரிபொருள் தீர்ந்துவிடும் என்று சிட்டுகள் திரும்பிவிடும், பெரிய விமானங்கள் மட்டும் அநாதையாக மேலே போகும். போன விடுப்பில் வந்தபோது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "சிட்டு திரும்பிப் போறதைக் கடைசி வரைக்கும் பாக்கறவன் நான்தான்க்கா. நான்தானே பின்னால பாத்து உக்காந்திருக்கேன்." அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

நெட்டையால் அவ்வளவு தூரமும் போய்விட்டுத் திரும்ப முடியும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி, போன இடத்தில் அதனால் சண்டை போட முடியுமா என்பதுதான். அதைப் பார்க்கத்தான் அந்தத் திங்கட்கிழமைச் சோதனை.

சிட்டுவை ஓட்டினவன் நம்ம பையன், "சுருட்டை". தலைமுடியும் சுருள், பேச்சும் சுருள். நெட்டையை ஓட்டினவன் அதோடு கூடவே வந்த நேச நாட்டு விமானி. அவனை எல்லாரும் "விருந்தாளி" என்பார்கள். நம்ம பேச்சை இழுத்து இழுத்துப் பேசுவான், எதிரே யார் வந்தாலும் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போடுவான். வேகத்தில் இரண்டும் சமம். ஏறுவதில் சிட்டு ஒரு படி முன்னால். அப்புறம் வந்ததுதான் சண்டை. ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து பின்பக்கம் பிடிக்க வேண்டும். பத்துச் சுற்றிலும் சிட்டுதான் பிடித்தது. பத்துக்குப் பத்து. நெட்டை திரும்பும்போதெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வழுக்கியது. இறங்கி வந்த விருந்தாளி, "வால் சரியில்ல, என் பேச்சைக் கேக்கல," என்றான். கொட்டகையே சிரித்தது. தோற்றவன் வாயில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும் என்று சுருட்டை சொன்னான். அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி மற்றவர்களும் சொன்னார்கள்.

அன்றைக்குத் தொழிற்சாலையில் வேலை முடிகிற சங்கை இரண்டு தடவை ஊதினார்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "பத்துக்குப் பத்தாமே. எல்லாம் இந்தக் கை அடிச்ச ரிவெட்டுடி." அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி ஞாபகம் வந்துவிட்டது. போட்டியில் சிட்டு ஜெயித்தால் துணைக்குப் போவது சிட்டுதான். அப்படியென்றால் தம்பி இன்னமும் பாதி வழி தனியாகத்தான் போக வேண்டும். ஜெயித்தது ஜெயித்ததுதானே, நெட்டைக்குச் சண்டை போடத் தெரியாவிட்டால் அது கூடப் போய்த்தான் என்ன பிரயோஜனம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் நேச நாட்டு லாரி ஒன்று பீப்பாய்களை இறக்கிவிட்டுப் போக வந்தது. நெட்டைக்கான எரிபொருள், முதல் தடவையாக அவர்கள் ஊர்ப் பீப்பாயில். ஒவ்வொன்றின் மேலும் ஐம்பத்தைந்து கேலன் என்று அச்சடித்திருந்தது. எதையும் அளக்காமல் வாங்குகிற பழக்கம் சொட்டு அக்காவுக்கு உண்டா? ஒரு பீப்பாயைத் தன் லாரியின் மீட்டர் வழியாக ஏற்றிப் பார்த்தாள். முள் நாற்பத்தாறுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"ஒம்பது கேலன் எங்கய்யா?" என்று லாரி டிரைவரை மடக்கினாள்.

"எந்த ஒம்பது?"

"பீப்பாயில அம்பத்தஞ்சு, மீட்டர்ல நாப்பத்தாறு. வழியில எவன் ஆட்டையப் போட்டான்?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். இரண்டாவது பீப்பாயை ஏற்றினாள், அதுவும் நாற்பத்தாறு. மூன்றாவது, அதுவும் நாற்பத்தாறு. மூடி முத்திரை எதுவும் உடையவில்லை. திருடுகிறவன் மூன்றிலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவா எடுப்பான்? அவள் மீட்டரைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு டிரைவர்தான் சொன்னான்.

"ஓ, நீங்க உங்க கேலன்ல அளக்கறீங்களா? எங்க கேலன் சின்னதும்மா. உங்க அஞ்சு, எங்களுக்கு ஆறு."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. நெட்டைக்கு இறக்கையில் இரண்டு தொட்டி. அவற்றை முட்ட முட்ட நிரப்பிவிடுவார்கள், கணக்கே வேண்டாம். மூன்றாவது தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால், வால் பக்கத்தில். அதில் எரிபொருள் அதிகமானால் வால் கனத்துவிடும், விமானம் திரும்பும்போது சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் அவர்கள் புத்தகத்தில் சிவப்பு மையில் போட்டிருந்தது: சண்டையின்போது வால் தொட்டியில் அறுபது கேலனுக்கு மேல் கூடாது. அவர்கள் கேலன் அறுபது. சொட்டு அக்கா திங்கட்கிழமை காலையில் தன் மீட்டரைப் பார்த்து, தன் கையால், தன் கேலன் அறுபது போட்டாள். அது அவர்கள் கணக்கில் எழுபத்திரண்டு. தொட்டிக்கென்று ஒரு முள் இருக்கத்தான் செய்தது. ஆனால் தரையில் வால் தாழ்ந்து நிற்கும்போது அது எப்போதுமே கூட்டித்தான் காட்டும் என்று விருந்தாளியே சொல்லியிருந்தான். லாரி மீட்டரை நம்புங்கள் என்றும் அவன்தான் சொன்னான்.

பன்னிரண்டு கேலன் அதிகம். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையைத் தூக்கி வாலுக்குள் உட்கார வைத்த மாதிரி. அந்தப் பிள்ளையையும் சுமந்துகொண்டுதான் நெட்டை பத்துச் சுற்றும் சுற்றியிருக்கிறது. ஒரு சொட்டு சிந்தினால் ஊரைக் கூட்டுகிறவள், பன்னிரண்டு கேலனைக் கண்ணைத் திறந்துகொண்டே தப்பாகப் போட்டிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் அவள் யோசிக்காமலில்லை. சொன்னால் தன் வேலைக்கு வேட்டு. தெருவில் தலை காட்ட முடியாது. வீட்டுக்காரர் என்ன ஆட்டம் ஆடுவார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் தளபதியின் அறிக்கை மத்தியானம் விமானத்தில் தலைமையகத்துக்குப் போய்விடும், சாயங்காலம் கூட்டத்தில் முடிவெடுத்துவிடுவார்கள். வருகிற மாதம் முழுக்கத் தம்பி பாதி வழி தனியாகப் போவான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு நடந்தாள்.

தளபதி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல நிர்வாகி, வேலைக்காரர்களை மரியாதையாகப் பேசுவார். ஆனால் அன்றைக்கு அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்து, உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரையும் குத்திவிட்டார். முத்திரை குத்திய எதையும் பிரிப்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

"சார், திங்கட்கிழமைச் சோதனை செல்லாது," என்றாள் அவள். "தப்பு என்னோடது." நடந்ததைச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பன்னெண்டு கேலன்ல என்னம்மா குடி முழுகிப்போச்சு?"

"அவங்க புத்தகத்துல சிவப்பு மையில போட்டிருக்கு சார்."

"பத்துக்குப் பத்து. அந்தப் பன்னெண்டு கேலன் இல்லாம இருந்திருந்தா எட்டுக்கு ரெண்டுன்னு ஆகியிருக்கும். சிட்டுதானே ஜெயிச்சிருக்கும்?"

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி அனுப்பறோம், அதான் சொல்றேன்."

"சரி, நீ சொல்லிட்ட, நான் கேட்டுட்டேன். போய் வேலையப் பாரு," என்று உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேலையைப் பார் என்றாரல்லவா, அவள் வேலையைத்தான் பார்க்கப் போனாள். தளபதி தலைமையகத்துக்குப் போக இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம் ஒன்று கொட்டகை வாசலில் நின்றது. ஓட்டப்போகிறவன் சுருட்டை. எரிபொருள் போட்டாயிற்று, சக்கரத்துக் கட்டையை எடுக்க ஆள் தயார். தளபதி ஏறி உட்கார்ந்தார். சுருட்டை வழக்கம்போல மஞ்சள் தாளுக்குக் கையை நீட்டினான். சொட்டு அக்கா தாளை நீட்டவில்லை. மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன், எரிபொருள்ல ஏதாவது கோளாறா?" என்றான் சுருட்டை.

"இதுல ஒரு கோளாறும் இல்ல. சார் பையில இருக்கற காகிதத்துலதான் கோளாறு. அதைச் சுமந்துட்டு எந்த விமானமும் இங்கேர்ந்து கிளம்பாது. கிளம்பணும்னா வேற யாராவது கையெழுத்து போடட்டும்."

தளபதி இறங்கி வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. நாலு பெண்களையும் பார்த்து, "யாராவது ஒருத்தர் போடுங்க," என்றார். முதல் பெண் வானத்தைப் பார்த்தாள். இரண்டாமவள் காலையிலிருந்து கை சுளுக்கு என்றாள். மூன்றாமவள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாளாம்; அவள் பிறந்ததிலிருந்து கண்ணாடி போட்டதே கிடையாது. நாலாவது பெண் புதுசு, வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். அவள் தளபதியைப் பார்த்தாள், சொட்டு அக்காவைப் பார்த்தாள், "நான் மீட்டரைப் பாக்கல சார், பாக்காம எப்படிப் போடறது?" என்றாள்.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று தளபதி சொட்டு அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "போர்க்காலத்துல வேலைய மறிக்கறது. இப்பவே உன்னை உள்ள தள்ள முடியும்."

"தள்ளுங்க சார். உள்ள போற வழியில எதிர்ல வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டுப் போவேன்."

"எனக்கு எல்லாம் தெரியும்மா. உன் தம்பி குண்டு விமானத்துல இருக்கான். அவனுக்காகத்தானே இவ்வளவும்?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. சொட்டு அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆமா சார், என் தம்பிக்காகத்தான். இதுல எனக்கு என்ன வெக்கம்? அவனோட அந்த விமானத்துல இன்னும் ஆறு பேரு போறாங்க. அது மாதிரி எத்தனையோ விமானம் போகுது. அவங்க யாரும் இங்க வந்து உங்ககிட்ட கேக்க முடியாது. நான் இங்க இருக்கேன், அதனால கேக்கறேன். நெட்டை தோத்தா தோக்கட்டும். நானே என் கையால கையெழுத்துப் போட்டு உங்களை அனுப்பி வெக்கறேன். ஆனா தோக்கடிச்சது சிட்டுவா இருக்கணும். என் குழாயா இருக்கக் கூடாது."

கொட்டகைக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் விருந்தாளி நின்றான். மறுநாள் ஊருக்குக் கிளம்ப இருந்தவன்.

"குழாயா? என்ன குழாய்?" என்றான் சுருட்டை. அவனுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. சொட்டு அக்கா அவனுக்கும் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப, வால்ல பாரத்தைக் கட்டிட்டு ஓடினவனையா நான் ஜெயிச்சேன்?"

"ஆமாப்பா. கட்டிவிட்டது நான்."

சுருட்டை விமானத்திலிருந்து இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றி இருக்கையில் வைத்தான். திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாளாக அந்தப் பத்துச் சுற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மைதானத்தையே செவிடாக்கினவன் அவன். "சார், மஞ்சள் தாள் இல்லாம நான் ஓட்ட மாட்டேன், அது உங்க சட்டம்," என்றான் தளபதியிடம். "சட்டத்தை விடுங்க. எனக்கு இந்த ஜெயிப்பு வேணாம். நாளைக்கு இவன் ஊருக்குப் போய், அங்க ஒருத்தன் ஏமாத்தி ஜெயிச்சான்னு சொல்லுவான். சொன்னா அது நெஜம். ரெண்டு மணி நேரம் குடுங்க. நியாயமா ஒரு கை பாத்துடறேன்."

தளபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஓடுபாதையைப் பார்த்தார், தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருத்தர்கூட நகரவில்லை. "நாலு மணிக்கு நான் கிளம்பியாகணும்," என்றார் கடைசியில். "ரெண்டையும் வெளிய தள்ளுங்க."

நெட்டையின் வால் தொட்டியைக் காலி செய்து, சொட்டு அக்காவே குழாய் பிடித்தாள். தன் மீட்டரில் ஐம்பது, அவர்கள் கணக்கில் அறுபது. பீப்பாய் கொண்டுவந்த டிரைவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவன் பீப்பாயின் அளவோடும் சரிபார்த்துக்கொண்டாள். மஞ்சள் தாளில் இரண்டு கணக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விருந்தாளி தாளை வாங்கிக்கொண்டு தொப்பியைத் தொட்டான். "வால் இன்னிக்குப் பேச்சைக் கேக்குமா?" என்றான். "கேக்கலேன்னா வந்து என்னைத் திட்டு," என்றாள் அவள்.

மேலே போனதும் எல்லாரும் கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் சுற்றில் சிட்டு பிடித்தது. இரண்டாவதிலும் சிட்டு. தளபதி தூரக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பாத்தியா?" என்றார். மூன்றாவதில் நெட்டை வழுக்கவில்லை. இறுக்கமாக வளைந்து, சிட்டுவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் யார் பிடிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பத்தாவது சுற்று முடிந்தபோது சிட்டுவுக்கு ஆறு, நெட்டைக்கு நாலு. திரும்புவதில் சிட்டு சிட்டுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நெட்டை ஒன்றும் சொத்தை இல்லை.

முதலில் இறங்கினவன் சுருட்டைதான். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். "இன்னும் நாலு சுத்துன்னா எரிபொருள் தீந்து நான் வயல்ல இறங்கியிருப்பேன்," என்றான். நெட்டை இறங்கினதும் சொட்டு அக்கா இறக்கைத் தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்தாள். இன்னும் மூன்று மணி நேரம் பறக்க இருந்தது. அந்த அளவுகோலை அவள் தளபதியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி அளவைப் படித்தார். பிறகு அலுவலகத்துக்குப் போய் அரக்கு முத்திரையைத் தானே உடைத்தார்.

புது அறிக்கையில், ஊருக்குக் காவல் நிற்கச் சிட்டு, தூரப் பயணத்துக்குத் துணை போக நெட்டை என்று எழுதினார். எழுதி முடித்துச் சொட்டு அக்காவைக் கூப்பிட்டார். கோபம் ஆறியிருந்தது, ஆனால் காகிதம் காகிதம்தான்.

"ரெண்டாவது சோதனை ஏன்னு மேல கேப்பாங்க. கேலன் சின்னதுன்னு விருந்தாளி முன்னாடியே சொல்லல, அதனாலன்னு எழுதிடறேன். உனக்குப் பிரச்சினை இல்லாம போயிடும்."

"அவன் தலையில கட்டாதீங்க சார். அளந்தது நான்."

"அப்ப உன்னை இந்த வேலையில வெச்சுக்க முடியாதும்மா. அளவுல தப்பு பண்ணினதுக்கா, விமானத்தை மறிச்சதுக்கா, எதுக்குன்னு எழுதறது?"

"ரெண்டையும் எழுதுங்க. ரெண்டையும் செஞ்சது நான்தான். ஒண்ணுக்கு வெக்கப்படறேன். இன்னொண்ணுக்கு வெக்கப்பட மாட்டேன். அதையும் எழுத இடமிருந்தா எழுதுங்க."

மறுநாளிலிருந்து அவளுக்குக் கொட்டகையில் எண்ணெய்த் தட்டு கழுவுகிற வேலை. மஞ்சள் தாள் கண்ணாடி போடாத கண்ணாடிக்காரியிடம் போயிற்று.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டு போய்விட்டது. குழாயடியில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தலையில மண்ண வாரிப் போட்டுட்டு வந்திருக்க. தொழிற்சாலையில ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தான்."

"சிட்டு ஜெயிச்சுதுங்க. ஆறு தடவை."

"பத்தை ஆறாக்கிட்டு வந்திருக்க. வாயை மூடிட்டு இருந்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?"

"உங்க மச்சான் கெட்டுப்போயிருப்பான். நீங்க அடிச்ச ரிவெட்டு எல்லாம் நல்ல ரிவெட்டுதான். ஆனா அது அவன்கூடப் பாதி வழிதான் போகும். மீதிப் பாதிக்கு நீங்க பதில் சொல்லுங்க, நான் இப்பவே போய் மன்னிப்பு கேட்டுட்டு வரேன்."

பதில் இல்லாத ஆம்பிளை என்ன செய்வாரோ அதைச் செய்தார்: பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. உப்பு வேண்டுமென்றால் அலமாரியிடம் சொல்வார். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஜன்னலிடம் சொல்வார். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் அவளும் பதில் சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நடுவில் ஒரு நாள் நெட்டைகளைத் துணைக்கு வைத்துப் பெரிய விமானங்கள் வெகுதூரம் போயிருக்கின்றன என்று வானொலியில் சொன்னார்கள். அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்து நின்றான். முன்கூட்டி ஒரு வரி எழுதவில்லை, கடுதாசி எழுதினால் தணிக்கையில் பாதியை அடித்துவிடுகிறார்கள் என்றான். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள். மாமனும் மச்சானும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு மாப்ள?" என்றார் வீட்டுக்காரர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அதை ஏன் மாமா கேக்கறீங்க. பாதி வழி வந்ததும் வழக்கம்போல மனசைக் கல்லாக்கிட்டு உக்காந்திருந்தேன், இப்பத் திரும்பிடுவானுங்கன்னு. திரும்பல. ரெண்டு பக்கமும் கூடவே வந்தானுங்க. அங்க போனதும் ஒரு இருபது முப்பது பேரு எங்க மேல பாஞ்சானுங்க. நெட்டைங்க குறுக்க புகுந்து அடிச்சு விரட்டினானுங்க. எங்க கூட்டத்துல போன அத்தனையும் திரும்பி வந்துச்சு மாமா. நான் இந்த வேலைக்குப் போனதிலேர்ந்து அப்படி ஒரு நாள் பாத்ததில்ல."

வீட்டுக்காரர் பிசைந்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க தளத்துல ஒரு பேச்சு அடிபடுது," என்றான் தம்பி வாய் நிறையச் சோற்றோடு. "இந்தப் பக்கத்துல எங்கயோ ஒரு பொம்பளை, தளபதியோட விமானத்தையே கிளம்ப விடாம மறிச்சுட்டாளாம். அதனாலதான் நெட்டை வந்துச்சாம். உள்ள தள்ளிடுவேன்னு மிரட்டியும் அசையலையாம். பசங்க அவளைப் பாத்தா கால்ல விழணும்னு சொல்லிட்டிருக்கானுங்க. யாரு மாமா அது, உங்களுக்குத் தெரியுமா?"

சொட்டு அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாம என்ன. சரியான பிடிவாதக்காரி மாப்ள அவ. பதினோரு வருஷமா அவகூடத்தான் நான் குடித்தனம் பண்றேன்."

"இனிமேலும் அப்படித்தான் இருப்பேன்," என்றாள் சொட்டு அக்கா.